பாலன் வயது ஏழு

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரோடு விளையாடிய பிள்ளைகளுக்கு என்ன வயது இருந்திருக்கும்?

கதை வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். பேய்க்கரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த பட்டினத்தடிகள் ஒற்றியூருக்கு வந்தபோது கரும்பு இனித்தது. இதுதான் நமக்கான இடம் என்று தங்கிவிட்டார். மணலில் ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களோடு சேர்ந்துகொண்டார். என்னை மூடுங்கள் என்பார், பிள்ளைகள் மூடுவார்கள். வேறோர் இடத்திலிருந்து எழுந்து வருவார். கடைசி முறை மூடியபோது ஆள் எழவில்லை. திறந்து பார்த்தால் லிங்கம் இருந்தது.

இந்தக் கதையில் வயதுக் கணக்குக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் ஊகிக்க இடமிருக்கிறது. அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கியவர்கள், துணையில்லாமல் கடற்கரைக்கு வரத் தெரிந்தவர்கள், கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்கு இன்னும் வளராதவர்கள். இடுப்புக்கும் கட்டுமரத்துக்கும் நடுவில் ஒரு காலம். அது எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதை ஒரு காலத்தில் தாய் சொன்னாள். பிறகு திண்ணை வாத்தியார் சொன்னார், அப்புறம் ஆலைக்காரர் சொன்னார், கடைசியில் சர்க்கார் சொன்னது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்குமான இந்தக் கரையில் பிள்ளை வளர்ப்பின் வரலாறு என்றால் பெரும்பாலும் இந்த இழுபறிதான்.

முதலில் தாயின் கணக்கு. அது மாதக் கணக்கு. தமிழில் அதற்கு ஓர் இலக்கிய வகையே உண்டு. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடியதில் அதன் விதை இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பருவம் பத்து: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, பிறகு ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தையானால் கடைசி மூன்றும் மாறும்; அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும்.

இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் இந்தப் பருவங்களுக்கு மாதம் குறிப்பதில் ஒன்றோடொன்று முரண்படும். பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கில் மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால் என்று ஒற்றைப்படையிலேயே ஏறி, இருபத்தொன்றாம் மாதத்தில் சிறுதேரோடு முடியும். செங்கீரை என்றால் என்னவென்று குழந்தை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையைத் தூக்கி முன்னும் பின்னுமாக அசையும் அந்த நிலை. இதைப் பாடிய புலவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் பார்த்த ஒருத்தியிடம் கேட்டிருக்க வேண்டும்.

காப்பு முதலில் வருவதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை. முதல் சில மாதங்களில் சாகிற குழந்தைகள் அன்று அத்தனை பேர். முன்னால் பிறந்தவை தங்காத வீடுகளில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பு என்றும் பெயர் வைத்து, எமன் கண்ணுக்கு மதிப்பில்லாத பொருளாகக் காட்டினார்கள். வசம்பு வளையம் கட்டினார்கள், உரைகல்லில் ஜாதிக்காயும் மாசிக்காயும் கடுக்காயும் தாய்ப்பாலில் இழைத்து நாக்கில் தடவினார்கள். 1880-இல் ராயபுரத்தில் ராஜா சர் இராமசாமி முதலியாரின் கொடையில் பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. இன்றைக்கும் இந்தப் பக்கத்து மனிதர்களில் பெரும்பகுதியினர் ‘ஆர்.எஸ்.ஆர்.எம்.’மில் பிறந்தவர்கள்தான்.

பத்தில் சுவையானது அம்புலி. நிலாவைக் குழந்தையோடு விளையாட வரச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அரசியல் நூலில் சொன்ன நாலு உபாயங்களையும் புலவர்கள் இங்கே எடுத்துக்கொண்டார்கள். நீயும் இவனும் ஒன்றுதான் என்று சமாதானம் பேசுவது சாமம். உனக்குக் களங்கம் உண்டு, இவனுக்கு இல்லை என்பது பேதம். வந்தால் இன்னது கிடைக்கும் என்பது தானம். வராவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா என்பது தண்டம். பாட்டில் இவை நிலாவுக்கு. வீட்டில் இவையே கடைசிக் கவளச் சோற்றுக்கு. இந்த வரிசையில் மிரட்டல் நாலாவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் பல நேரம் அதுதான் முதலில் வருகிறது.

ஏடு தெரியாத குடும்பங்களிலும் இதே கணக்கு வேறு உருவில் ஓடியது. தலை நின்றுவிட்டதா, குப்புற விழுந்ததா, தவழ்கிறதா, வாசற்படி தாண்டியதா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். தவழ்ந்தால் அப்பம், படி தாண்டினால் கொழுக்கட்டை என்று ஒவ்வொன்றுக்கும் பலகாரம் செய்து தெருவுக்குக் கொடுத்த வீடுகளும் உண்டு. பிறந்த தேதி தெரியாது. படி தாண்டிய நாள் தெரியும்.

சிறுதேர் உருட்டியதும் பிள்ளைத்தமிழ் நின்றுவிடுகிறது. குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. அப்புறம் என்ன என்று கேட்டால் பாட்டியல்கள் பெயர்ப் பட்டியலை நீட்டும். ஆணுக்கு ஏழு வரை பாலன், பத்து வரை மீளி, பதினான்கு வரை மறவோன், பதினைந்தில் திறலோன், பதினாறில் காளை. பெண்ணுக்கு ஐந்திலிருந்து ஏழு வரை பேதை, பதினொன்று வரை பெதும்பை, பதின்மூன்று வரை மங்கை, பத்தொன்பது வரை மடந்தை. பெயர் இருக்கிறதே ஒழிய அந்த வயதில் பிள்ளையை எப்படி நடத்துவது என்று சொல்லும் பாட்டு இல்லை. பெண்களின் பட்டியல் பயன்பட்டது உலாவுக்கு, அதாவது வீதியில் போகும் தலைவனைப் பார்த்து மயங்குவதற்கு. தாலாட்டு முடிந்த இடத்திலிருந்து பிள்ளை தெருவுக்குச் சொந்தம்.

அந்த இடைவெளிக்குச் சாணக்கியர் பெயரில் வழங்கும் ஒரு சூத்திரம் உண்டு: ஐந்து வயது வரை கொஞ்சு, அடுத்த பத்து வருஷம் அடி, பதினாறில் நண்பனாக நடத்து. நம் ஊரில் அதன் கடைசிப் பகுதியை மட்டும் அளவுகோலோடு சொன்னார்கள்: தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன். வயதைக் கேட்காமல் உயரத்தைப் பார்த்த சமூகத்துக்குப் பொருத்தமான பழமொழி.

நடுவில் வரும் பத்து வருஷ அடியைத் திண்ணைப் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டது. ஐந்து வயதில் விரலைப் பிடித்து அரிசியிலோ மணலிலோ எழுத வைப்பார்கள். 1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை என்று கணக்குக் கேட்டார். பெல்லாரி கலெக்டர் காம்பெல் அனுப்பிய பதிலில் ஒரு காட்சி இருக்கிறது. காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி. பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. மூன்றாவது பையனுக்கு மெல்லிய ஓர் அடி, நாலாவது பையனுக்கு இரண்டு, அப்படியே ஆளுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டு போகும். கடைசிப் பையனின் நிலைமையைக் கலெக்டர் விவரிக்கவில்லை.

அதே பள்ளிகளில் பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் இருந்தது. எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியை 1789-இலிருந்து நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், மணலில் எழுதுவது, மூத்தவன் இளையவனுக்குக் கற்பிப்பது இரண்டையும் எடுத்து முறைப்படுத்தி 1797-இல் லண்டனில் புத்தகமாக்கினார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. அடியைப் பற்றிய பகுதியை அவர் கொண்டுபோகத் தேவையிருக்கவில்லை. அங்கே அது தாராளமாகவே இருந்தது.

அடியும் வாத்தியாரும் எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு கதை உண்டு. ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் சபாபதி என்பவர் குடியிருந்தார். புராணப் பிரசங்கம் செய்து பிழைத்தவர். தகப்பன் இல்லாத தம்பி இராமலிங்கத்தைத் தானே படிக்க வைத்தார். சரிப்பட்டு வராமல் காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். பையன் வகுப்பில் உட்காராமல் கந்தகோட்டத்தில் போய்ப் பாடிக்கொண்டு நின்றான். அண்ணன் கோபத்தில் சோறு போடக் கூடாதென்று சொல்லிவிட்டார். அண்ணி பாப்பாத்தியம்மாள் அவருக்குத் தெரியாமல் பின்வழியாகக் கூப்பிட்டுப் போட்டாள். ஒருநாள் அண்ணி கண்ணீர் விட்டதும் பையன் இறங்கிவந்தான்: மாடியில் தனி அறை, ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, புத்தகங்கள். கொடுத்தார்கள். புத்தகத்தைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தான் என்கிறது வரலாறு. வளர்ந்து வள்ளலாரானவர் இரவு நேரம் கழித்துத் திருவொற்றியூரிலிருந்து திரும்பி வீட்டுத் திண்ணையில் பசியோடு படுத்திருந்தபோது, வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்து சோறு போட்டாள் என்று பக்தர்கள் சொல்வார்கள். அம்மன் வேறு உருவம் எடுக்காமல் அண்ணியின் உருவத்தை எடுத்தாள் என்பதில் அந்த வீட்டின் வளர்ப்பு முறை முழுவதும் இருக்கிறது.

பெண் பிள்ளை விஷயத்தில் இன்னும் பழைய கதை ஒன்றைச் சேக்கிழார் சொல்கிறார். ஒற்றியூருக்கு மேற்கே ஞாயிறு கிராமத்துப் பெண் சங்கிலி. கல்யாண வயது வந்துவிட்டதென்று தாயும் தகப்பனும் பேசிக்கொண்டதைக் கேட்டு மயங்கி விழுந்தாள். பெண் கேட்டு ஆள் விட்டவன் வீட்டில் சாவு விழுந்தது. பெற்றவர்கள் பயந்தார்கள்; பிறகு அவள் விருப்பப்படியே ஒற்றியூரில் கன்னிமாடம் அமைத்து, சாப்பாட்டுக்கு வழி செய்து, கோயிலுக்குப் பூ கட்டிக்கொண்டு இரு என்று விட்டுப் போனார்கள். பின்னால் சுந்தரர் வந்து அவளை மணந்தது தனிக் கதை. பெண்ணின் வயது தெரிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றிருந்த காலத்தில் ஞாயிற்றுக் குடும்பம் வேறொன்றும் செய்தது என்பதே இங்கே போதும்.

இனி 1881. இந்தக் கரைக்கு அது விசேஷமான வருஷம். கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தின் அலைத் தடுப்பை நவம்பர் புயல் உடைத்தெறிந்தது. பெரம்பூரில் 1876-இல் வந்த பக்கிங்காம் ஆலைக்குத் தங்கையாகக் கர்னாடிக் ஆலைக் கம்பெனி தொடங்கியது. நாடு முழுவதும் ஒரே சமயத்தில் மக்கள் தொகைக் கணக்கெடுத்ததும் அந்த வருஷம்தான். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமும் அப்போதே வந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வைக்கக் கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது.

ஏழு. பாலன் முடிகிற வயது.

கல்கத்தாவில் சட்டம் எழுதியவர்களுக்குப் பாட்டியல் தெரிந்திருக்க வழியில்லை. ஒத்துப்போனது தற்செயல். ஆனால் அது அடுத்தடுத்தும் ஒத்துக்கொண்டே போகிறது. 1891-இல் பெண்ணின் சம்மத வயது பத்திலிருந்து பன்னிரண்டாகிறது; மங்கை தொடங்குமிடம். 1929 சாரதா சட்டத்தில் பெண்ணின் மண வயது பதினான்கு, மடந்தை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் ஆலை வாசல் திறக்கும் வயதும் பதினான்கு, மறவோன் முடிகிறான். பல்லும் எலும்பும் குரலும் மாறுகிற வயது எங்கேயும் ஒன்றுதானே, புலவர் பார்த்ததையே டாக்டரும் பார்த்தார் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

டாக்டர் பார்த்தது உண்மையாகவே பல்லைத்தான். தொழிற்சாலைச் சட்டத்தின் 1891 திருத்தம் வேலைக்கான குறைந்தபட்ச வயதை ஒன்பதாக்கி, ஒன்பதிலிருந்து பதினான்கு வரை ஏழு மணி நேர வேலை என்றது. பிறந்த தேதி எழுதி வைக்காத ஊரில் ஒன்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கிலாந்தில் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர் 1837-லேயே ஆலைப் பிள்ளைகளின் வயதைப் பல்லை வைத்துச் சொல்லலாம் என்று எழுதியிருந்தார். அந்த முறை இங்கும் வந்தது. தாய் கொழுக்கட்டை செய்து கொண்டாடிய படி தாண்டும் நாள் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை; ஆலை வாசற்படி தாண்டும் நாளுக்கு மட்டும் சான்றிதழ் வந்தது. ஒரே பிள்ளை இரண்டு சான்றிதழ் வைத்துக்கொண்டு காலையில் ஓர் ஆலை, பிற்பகலில் இன்னோர் ஆலை என்று போன கதைகள் பல ஊர் ஆலைகளில் இருந்தன. பெற்றோர்களே அனுப்பினார்கள். கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அரைக்கூலியும் அரிசியாகிற வீடுகள் அவை.

அரைநேரப் பிள்ளைகள் என்றொரு வகையே உருவாயிற்று. பாதி நாள் தறி, பாதி நாள் பாடம். பெரம்பூர் ஆலைக்காரர்கள் வளாகத்தையொட்டிப் பள்ளி நடத்தினார்கள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுப் பழகிய விரல் பலகையில் அகரம் எழுதியது.

பிறகு சட்டம் படிப்படியாக ஏறியது. 1922-இல் ஆலைக்குப் பன்னிரண்டு வயது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கவும் அதே பன்னிரண்டு. ராயபுரம், காசிமேடு வீடுகளைத் தொட்டது இந்த இரண்டாவதுதான். கடலுக்குப் போகிற குடும்பத்தை மட்டும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அங்கே பையன் கரையில் வலையிலிருந்து மீன் பிரிப்பதில் தொடங்கி, நீச்சல் பழகி, அப்பன் பார்வையிலேயே மரத்தில் ஏறினான். வயது பார்த்து ஏற்றியதில்லை, கை கால் பார்த்து ஏற்றினார்கள்.

ஆலைகளைத் தாண்டிச் சின்னப் பட்டறைகளைப் பார்க்க வந்தது 1929-இல் அமைந்த விட்லி கமிஷன். ஐந்து வயதுப் பிள்ளைகள்கூட நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று 1931 அறிக்கையில் எழுதியது. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தையும் எழுதியது. 1933-இல் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று சட்டம் போட்டார்கள். எழுதிக்கொடுத்த பெற்றோருக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம், வாங்கியவருக்கு இருநூறு வரை. ஐம்பது ரூபாய் இருந்திருந்தால் அந்த அப்பன் பிள்ளையை அடகு வைத்திருக்கவே மாட்டான் என்பதைச் சட்டசபையில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் செய்ய முடியாததைக் கொஞ்சம் சோறு செய்தது. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. தலைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது. ஐந்தாண்டுகூட நீடிக்கவில்லை. 1956-இல் காமராஜர் மறுபடி தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவின் வயதுக் கணக்கைப் பாருங்கள். பால்வாடியில் இரண்டிலிருந்து ஐந்து, பள்ளியில் ஐந்திலிருந்து ஒன்பது. செப்டம்பரில் அது நகரங்களுக்கும் வந்தது. 1984-இல் பத்திலிருந்து பதினைந்து. பிள்ளைத்தமிழ் குழந்தையைக் கைவிட்ட அந்த இரண்டு வயதில் சரியாகப் பால்வாடி ஆயா வந்து நிற்கிறார். பேதையும் பெதும்பையும் மீளியும் மறவோனும் ஒரே வரிசையில் தட்டேந்தி உட்கார்ந்தார்கள்.

இதற்குள் கரையே மாறிவிட்டிருந்தது. திருவொற்றியூரில் தீக்குச்சிக் கம்பெனி வந்தது, அதன் பெயர் விம்கோ நகராக நிலைத்தது. 1946-இல் அங்கே ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் தொழில்தான் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியானது; லாரிச் சக்கரம் பிள்ளைகளின் பலூனிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள இந்த ஊருக்கு உரிமை உண்டு. 1955-ஐ ஒட்டி என்ஃபீல்டு புல்லட், 1969-இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அதற்கப்புறம் ஜார்ஜ் டவுன் சந்துகளில் அடைபட்டுக் கிடந்த இரும்பு வியாபாரத்துக்காகச் சாத்தாங்காட்டில் பெரிய இரும்புச் சந்தை.

இன்றைக்குச் சாத்தாங்காட்டுப் பட்டறைகளில் தகடு வெட்டும் தீப்பொறிக்குப் பின்னால் சுவரில், இங்கே குழந்தைத் தொழிலாளர் இல்லை என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வரை எந்த வேலையும் கூடாது, பதினெட்டு வரை ஆபத்தான வேலை கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் கைகொடுத்தால் விதிவிலக்கு. காசிமேட்டுப் பையன் அந்த விதிவிலக்குக்குள் நிற்கிறான். இரும்புச் சந்தை டிரெய்லர் டிரைவரின் பையன் நிற்க முடியாது. அவனுடைய காலை நேரம் வேறு மாதிரி: 2022 முதல் தொடக்கப் பள்ளியிலேயே காலைச் சிற்றுண்டி, உப்புமாவோ பொங்கலோ. அம்மா ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் நாலு உபாயமும் செலவழித்து ஊட்டிக்கொண்டிருந்த வேலையில் ஒரு பகுதி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது.

பட்டினத்தார் சமாதிக்கு எதிரே போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் விளையாடிய மணல் இல்லை. தெற்கிலிருந்து கடலோரமாக வருகிற மணலைத் துறைமுகச் சுவர் மறித்துக்கொண்டது. மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்துகொண்டே வந்தது. தேய்ந்த இடத்தில் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். கொள்கலன் லாரிகள் போகும் சாலையைத் தாண்டினால் பாறைதான். வளைவை ஒட்டி மணல் சேர்ந்திருக்கும் சில இடங்களில் சாயங்காலம் ஏழெட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து கல்லுக்கு நடுவே விழுந்தால் எடுக்கப் போவது கூட்டத்திலேயே சின்னவன். இடுக்கில் அவன் கை மட்டும்தான் நுழையும்.